எஞ்சினை நான் நிறுத்தவில்லை

என் சொந்த அக்காவை யாரென்றே தெரியாது என்று சொன்னவன் நான். ஒரு விமானத்துக்காகச் சொன்னேன்.

ஆம், என்னிடம் ஒரு பழைய போர்விமானம் இருக்கிறது. ஆயுதங்களைக் கழற்றிவிட்டு விற்ற ஜெட். ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே ஒரு சிறிய விமானத்திடலின் கொட்டகையில் நிற்கிறது. அகதியாக வந்தவனுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பீர்கள்... கேளுங்கள். நானும் கேட்டுக் களைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் விமானத்தைப் பொம்மர் என்போம். அன்று பொம்மர் வந்தபோது அக்கா முதலில் என்னைத்தான் பதுங்குகுழிக்குள் தள்ளினாள். பிறகு, ஏணைத் தொட்டிலில் கிடந்த தன் மகளை எடுக்கத் திரும்பி ஓடினாள். அவள் போய்ச் சேருமுன்னே வீடு இல்லாமல் போய்விட்டது. குழிவாசலில் நின்று நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியுமா? வெயிலில் மின்னித் திரும்பிய அந்த விமானத்தை! அது எனக்கு அழகாக இருந்தது... அந்த நேரத்திலும்!

இங்கே மற்ற விமானச் சேகரிப்பாளர்களோடு எஞ்சின், இறக்கை என்று பேசத் தொடங்கினால் எனக்குப் பசிகூடத் தெரியாது. "ஜெட்டை முதன்முதலில் எங்கே பார்த்தாய்?" என்பார்கள். "எங்கள் வீட்டுக்கு மேலே" என்பேன். விமானத்தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த அதிர்ஷ்டசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

இங்கே என்னோடு இருக்கும் அக்காவிடம், சனிக்கிழமைகளில் பழைய எஞ்சின் திருத்தப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொதுமக்கள் பார்க்க வரும் நாளொன்றில் சோற்றுப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டேன். தம்பி பட்டினி கிடப்பான் என்று அவள் விசாரித்து விசாரித்து பஸ்ஸில் வந்துவிட்டாள்.

நான் விமானி இருக்கையில் இருந்து எஞ்சினை முடுக்கினேன். கூட்டத்தில் அவளுடைய பச்சைக் கோட் தெரிந்தது. மறுகணம் அவள் பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் குழந்தையை இழுத்து, புல்லில் கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுத்தாள்! வாய் அசைவது தெரிந்தது. "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" என்றுதான் கத்தியிருப்பாள்.

உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்... அது முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

இறங்கி ஓடினேன். குழந்தையின் தாய் கத்திக்கொண்டிருந்தாள். "இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?" என்று சக சேகரிப்பாளன் ஒருவன் கேட்டான்.

"தெரியாது."

அக்காவுக்கு அந்த அளவு ஜெர்மன் விளங்கும். கோட்டில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுத் தனியாக நடந்தாள்.

மாலையில் வீட்டில் என்ன கேட்பாளோ என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"இல்லை, அக்கா."

விற்றுத் தொலை என்கிறீர்களா? முயன்று பார்த்தேன். ஏலாது... ஏலவே ஏலாது!

சனிக்கிழமைகளில் அக்கா இப்போதும் சோறு கட்டி வைக்கிறாள். எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. நானும் அந்தப் பெட்டியை மறப்பதே இல்லை.