அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

எங்கள் சபை இவ்வாண்டு ஒரு மலர் வெளியிடுகிறது. அதில் என் அம்மாவைப் பற்றி ஒரு சாட்சி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று சபைக்குச் சொல்வதே எங்கள் வழக்கில் சாட்சி எனப்படும். அம்மா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டபடியால், அவளுக்குச் செய்யப்பட்ட நன்மையை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அது இன்னதென்பதைச் சபையார் எல்லாரும் அறிவார்கள். சித்தூரில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் திருப்பதியின் பெரிய பள்ளி ஒன்றின் சீருடை வேலை முழுவதும் ஒரே ஜெபத்தில் கிடைத்த கதை அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருவதால் நன்றாகக் கொழுத்திருக்கிறது. ஒருவர் சொல்லும்போது பள்ளியின் தலைமையாசிரியைக்குக் கனவு வருகிறது. மற்றொருவர் சொல்லும்போது அம்மா மூன்று நாள் தண்ணீரும் அருந்தாமல் உபவாசம் இருக்கிறாள். கனவைப் பற்றி நான் ஒன்றும் அறியேன். அந்த மூன்று நாளும் அம்மா எங்களோடு உட்கார்ந்து சோறு உண்டதை அறிவேன்.

ஆகவே, நானே கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதுகிறேன். நான் காணாதவற்றுள், என் அப்பாவாகிய நைனாவிடமும் அந்நாளில் அடுத்த தெருவில் தையல் வேலை செய்துவந்த பெரியம்மாவிடமும் தனித்தனியே விசாரித்து, இருவர் சொல்லும் ஒத்தவற்றை மட்டும் சேர்க்கிறேன். மொத்தம் எத்தனை சீருடைகள் என்பதை எழுதப்போவதில்லை. அவ்விருவர் சொல்லும் எண்களும் ஒன்றுக்கொன்று உறவுகூட இல்லாதவை. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. நைனா மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தார். அம்மா உள்ளூர்ப் பள்ளி ஒன்றுக்குச் சீருடை தைத்து வந்தாள். மாம்பழம் பழுக்கும் காலமும் பள்ளி திறக்கும் காலமும் ஒன்றாகையால், ஆண்டுதோறும் கோடையில் எங்கள் வீடு வீடாக இருப்பதை நிறுத்திக்கொள்ளும். நைனா வீடு திரும்பும்போது அவருக்குப் பின்னால் நான்கைந்து ஈக்களும் வீடு திரும்பும். அம்மாவைச் சுற்றி நீலத்துணி மலைபோல் குவிந்திருக்கும். உண்ணும்போதும் அவளுடைய வலக்கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். "உங்கம்மாக்கு சோறு போட்டாக்கூட மிதிச்சித்தான் உள்ள தள்றா பாரு" என்று நைனா கேலி செய்வார். அம்மாவும் சிரிப்பாள். கால் மட்டும் நிற்காது.

சபையில் வெள்ளிக்கிழமை நண்பகலில் உபவாச ஜெபம் நடக்கும். வாசலருகே ஒரு மரப்பெட்டி இருக்கும். கவலை உள்ளவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதி அதனுள் இடுவார்கள். பெயர் எழுதுவதில்லை, யாருடைய விண்ணப்பம் என்பது ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும். நாங்கள் அம்மகாரு என்று அழைத்த போதகரின் மனைவி, கைக்கு வந்த சீட்டுகளை எடுத்துத் தெலுங்கில் உரக்கப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபையார் ஆமென் சொல்வார்கள்.

சபையில் பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் தெலுங்கர். அம்மகாருவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்குத் தெலுங்கு கேட்டால் விளங்கும்; அச்சிட்ட தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும்; எழுத எந்த மொழியும் வராது. ஆகவே தமிழ் வீடுகளில் பெரியவர்கள் தமிழில் சொல்ல, தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அதைத் தெலுங்கில் எழுதித் தருவார்கள். எங்கள் தெருவின் துயரங்கள் அத்தனையும் நான்காம் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில்தான் பரலோகம் போய்ச் சேர்ந்தன. யார் வீட்டில் யாருக்கு வேலை போயிற்று, யாருடைய கணவர் பேசாமல் இருக்கிறார் என்பவற்றைப் பிள்ளைகளாகிய நாங்கள் நன்கு அறிந்திருந்தோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த ஆண்டு கோடைத் தொடக்கத்தில் திருப்பதிப் பள்ளியின் எழுத்தர் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா தைத்த பாவாடையின் மடிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லி அனுப்புவதாகக் கூறிவிட்டுப் போனார். வாரங்கள் கடந்தன, செய்தி வரவில்லை. நைனா நாள்தோறும் கேட்டார். அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. அவள் ஏன் கேட்கவில்லை என்பது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது.

"ஒரு சீட்டு எழுதணும். நோட்டு எடுத்துக்கினு வா" என்றாள். இயந்திரத்தை நிறுத்தவில்லை. நான் அதன் அருகில் தரையில் அமர்ந்தேன்.

"சொல்லும்மா."

"ஆண்டவரே, என் கை கால் நிக்கவே மாட்டேங்குது. படுத்தாலும் மனசு தைச்சிக்கினே கீது. எழுதிக்கினியா?"

"எழுதிக்கினே கீறேன்."

"அந்தத் திருப்பதி ஸ்கூலு வேலை வந்துச்சின்னா வேணான்னு சொல்றதுக்கு எனக்கு தைரியம் குடுங்க. அவருக்கு கோவம் வராம பாத்துக்குங்க. கொஞ்ச நாளு உங்ககிட்ட சும்மா உக்காந்துக்கினு இருக்கணும். அவ்ளோதான். ஆமென் போடு."

நான் எழுதுகோலைப் பிடித்தபடியே இருந்தேன். அதுவரை நான் எழுதிய சீட்டுகள் எல்லாம் ஏதோ ஒன்றைத் தரும்படி கேட்டவை: வேலை, தேர்ச்சி, மாப்பிள்ளை, குழந்தை. வரப்போவதை மறுக்கத் துணிவு வேண்டும் என்று கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. என் அம்மா வேலைக்கு அஞ்சுகிறாள் என்று அம்மகாரு எல்லார் முன்னும் படித்துவிடுவாரே என்று கூசினேன். அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. திருப்பதிப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் சிவப்புக் கழுத்துப்பட்டியும் கட்டம்போட்ட பாவாடையுமாக நிற்பதை நான் பார்த்திருந்தேன். அவர்கள் எல்லாரும் என் அம்மா தைத்ததை அணிந்திருப்பார்கள் என்று என் வகுப்பில் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் மிகச் சிறிய ஆசைதான். தெலுங்கில் இரண்டே வரி எழுதினேன். திருப்பதிப் பள்ளியின் சீருடை வேலை ஒரு சகோதரிக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆமென் என்று முடித்து நான்காக மடித்தேன்.

"படிச்சிக் காட்டேன்" என்றாள் அம்மா. அவள் சொன்னதை அவளுக்கே தமிழில் திருப்பிச் சொன்னேன். ஒரு சொல்லும் தவறவில்லை. பள்ளியில் மனப்பாடத்தில் நான்தான் முதல்.

அன்று நண்பகலில் அம்மகாரு அதைப் படித்தார். திருப்பதி என்ற பெயரைக் கேட்டதும் அம்மா கண்விழித்தாள். சபையில் தையல்வேலை செய்பவர்கள் இருவரே: அவளும் பெரியம்மாவும். சுவரோரம் கண்மூடி அமர்ந்திருந்த பெரியம்மாவை அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எல்லாரையும்விட உரக்க ஆமென் என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்ததை நான் கண்டேன். தனக்கு வேண்டாத ஒன்றை வேறொருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவள் எண்ணிக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில், "என்னுது படிக்கவே இல்லியேடி" என்றாள்.

"பொட்டில அடில மாட்டிக்கினு இருக்கும்."

"சரி வுடு. ஆண்டவருக்கு படிச்சிக் காட்டணுமா இன்னா" என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள்.

திங்களன்று எழுத்தர் மாதிரித் துணியோடு வந்துவிட்டார். வழியில் புத்தலப்பட்டில் பேருந்து பழுதாகி ஒரு மணி நேரம் வெயிலில் நின்றதை முதலில் சொன்னார். பிறகுதான் செய்தியைச் சொன்னார். அவர் என் சீட்டின் பேரில் வந்தாரா, அல்லது வெள்ளிக்கிழமைக்கு முன்பே முடிவு செய்திருந்தாரா என்பதை நான் பின்னாளில் விசாரித்தும் அறிய முடியவில்லை. நைனா அன்று ஆலையிலிருந்து ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். "பாத்தியா! ஊரே ஜெபம் பண்ணிச்சாமே!" என்றார்.

"அது நம்மளுக்குன்னு கேட்டது இல்லிங்க. அக்கா கேட்டுக்கினது. அவங்களுக்கே குடுத்துடறேன்."

"ஏமே, வீடு தேடி வந்தத தூக்கி அடுத்த வீட்ல போடுவியா? இன்னா பேச்சு பேசற?"

அம்மா மாதிரித் துணியை மடித்து எடுத்துக்கொண்டாள். என்னையும் அழைத்துக்கொண்டாள். அடுத்த தெரு வரைக்கும் அவள் நடந்த நடையை என்னால் இன்றும் பார்க்க முடிகிறது; பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுபோகும் பெண்ணின் நடை அது.

பெரியம்மா வாசலில் அமர்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க கேட்டது வழி தப்பி என் வூட்டுக்கு வந்துடுச்சி. இந்தாங்க."

"நான் இன்னாத்த கேட்டேன்?"

"திருப்பதி ஸ்கூலு. வெள்ளிக்கெழம அம்மகாரு படிச்சாங்களே."

பெரியம்மா துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஊசில நூலு கோக்கறதுக்கே பேரன கூப்டுக்கினு கீறேன். எனக்கு எதுக்கு ஸ்கூலு? நான் கண்ணாப்பரேசனுக்கு எழுதிப் போட்டேன். அதையும் படிச்சாங்க, நீ தூங்கிக்கினு இருந்திருப்ப."

"அப்போ யாரு கேட்டது?"

"யாரு கேட்டா இன்னா? உன் பேருக்கு வந்துகீது. ஆண்டவரு கையால குடுக்கறத வேணாங்காத தங்கச்சி. நல்லதுக்கு இல்ல."

அம்மா துணியை மடியில் வைத்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அது ஆண்டவர் கையால் வந்ததன்று, என் கையால் எழுதப்பட்டது என்று அவள் அறிந்திருப்பாள், அறிந்திருந்தால் மறுத்திருப்பாள். நான் பெரியம்மாவின் பொத்தான் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பாதிவழியில் நின்றாள். என்னை நேராகப் பார்த்தாள். சீட்டைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னா துன்ற?" என்று கேட்டாள். தள்ளுவண்டியில் வேகவைத்த வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளியன்று அவளைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். எழுந்து, "ஆண்டவர் குடுத்தாரு, ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி அமர்ந்தாள். சபையார் அவளுடைய தாழ்மையை மெச்சினார்கள். அந்தப் பள்ளிக்கு அவள் பன்னிரண்டு ஆண்டுகள் தைத்தாள். பள்ளி ஆயத்த ஆடைக்கு மாறியபோதுதான் நிறுத்தினாள். அதற்குள் அவளுடைய முழங்கால்கள் முந்திக்கொண்டன. கட்டம்போட்ட பாவாடைகளைப் பற்றி நான் வகுப்பில் சொன்னேன். ஒருவரும் வியக்கவில்லை.

அதன்பின் அம்மா எனக்கு எந்தச் சீட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜெபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போகத் தொடங்கினாள். ஒருமுறை, அளவு கொடுக்க ஆள் வந்திருந்ததால் அவளைக் கூப்பிட ஓடினேன். வெறுமையாய்க் கிடந்த ஆலயத்தில், மின்விசிறிகூடப் போடாமல் பாயில் அமர்ந்திருந்தாள். உதடுகள் அசையவில்லை. கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. தூங்கவில்லை, கண்கள் திறந்திருந்தன. வலக்கால் அசையாதிருந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டேன். கால் மரத்துப்போயிற்றோ என்று நினைத்தேன்.

"அம்மா, ஆளு வந்துகீறாங்க. வா சீக்கிரம்."

"வரேன், வரேன்" என்று உடனே எழுந்துகொண்டாள்.

அந்த இடத்தில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நான் காத்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியவில்லை. ஆள் காத்திருப்பார் என்பதும் தெரியவில்லை. இன்று நான் நாள்தோறும் திருப்பதிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறேன். பேருந்தில் கண்ணை மூடினாலும் மனம் அலுவலகத்திலேயே நிற்கிறது. அம்மா அந்தப் பாயில் உட்கார்ந்திருந்ததைப் போல ஆலயத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிறிது நேரத்தில் கை பைக்குள் கைப்பேசியைத் தேடுகிறது. அவள் இருந்தபோது கேட்டிருந்தால் எப்படி உட்கார்ந்தாள் என்று சொல்லியிருப்பாள். கேட்க வேண்டுமானால் முதலில் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் வேறு எதையோ பேசினேன்.

மலருக்கு வேண்டிய சாட்சி இதுவன்று என்பதை அறிவேன். போடுவதும் விடுவதும் சபையார் விருப்பம். உறுதியாகத் தெரிந்தவை முடிந்துவிட்டன. தெரியாதவை இரண்டு. அந்தச் சீட்டை எழுதியவள் நான் என்று அம்மா அறிந்திருந்தாளா என்பது எனக்குத் தெரியாது. அவள் கேட்ட இளைப்பாறுதல், நான் கூப்பிடுவதற்கு முன் அவளுக்குக் கிடைத்திருந்ததா என்பதும் தெரியாது.