பரீதா ராத்தாவுக்கு நான் வாங்கித் தந்த ஐந்து வருடம்

கனமூலையில் ஒரு தேநீர்க் கடையில் பாணைக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது ரிஸானா அழைத்தாள். என் ராத்தாவின் மகள். "மாமா, உம்மா மவுத்தாகிட்டா" என்றாள். பேச்சில் என்னை வெல்லப் புத்தளம் மாவட்டத்திலேயே ஆளில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று கடைக்காரனிடம் "ராத்தா போய்ட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாணை அப்படியே போட்டுவிட்டு எழும்பி நடந்தேன்.

பரீதா ராத்தா என் உடன்பிறந்த மூத்தவர். உங்களில் பலர் அவரை முந்தல் இறால் பண்ணைக்காரியாக அறிவீர்கள். பெண்கள் அங்கே கூலிக்கு மட்டும் போன காலத்தில் சொந்தமாகக் குளம் வெட்டினார். முதல் தடவை பிடித்த இறால் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். நம்பாதவர்கள் வந்து என் முழங்கையைப் பார்க்கலாம். அடுத்த தடவை நோய் விழுந்து குளம் முழுவதும் செத்துப்போனது. "பொம்புளைக்கு என்னத்துக்கு இவ்வளவு ஆசை? அல்லாஹ் காட்டிட்டான்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களே சொன்னார்கள். ராத்தா அவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நோய் வந்தது இறாலுக்கு. என்ட ஆசைக்கில்ல."

கடைசி வருடங்களில் சீனி வருத்தம் அவர் கண்ணைக் கொண்டுபோனது. அஸர் தொழுகைக்குப் பிறகு தொலைக்காட்சியில் ஒரு வெளிநாட்டுக் குற்ற நாடகம் போகும். மீன் வெட்டும் வேலைக்கு வந்த ஒருத்தி கடத்தல்காரர்களுக்கே தலைவியாகும் கதை. பேச்சு விளங்காது. கீழே ஓடும் தமிழ் எழுத்தை நான் வாசித்துச் சொல்வேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். விட்டதை நானே நிரப்பினேன். பல இடங்களில் என் கதைதான் திறம்.

ராத்தாவுக்கு ஒரே கவலை. "களவுக்கு அவள மறியல்ல அடைக்கட்டும். ஆசப்பட்டவள் எண்டு கொல்லாம இருந்தாப் போதும்."

நாடகத்தின் கடைசி நாள், துறைமுகத்தில் வைத்து அவளுடைய சொந்தத் தம்பியே அவளைச் சுட்டான். அதற்கு எழுத்து வாசிக்கத் தேவைப்படவில்லை.

"என்னடா சத்தம்?"

"டயர் வெடிச்சது, ராத்தா."

"அவ?"

"பொலிஸ் புடிச்சிட்டான். மூணு வருஷம் மறியல்."

"இவ்வளவு செஞ்சதுக்கு மூணா? எந்த நாட்டுச் சட்டம்டா அது?"

"சரி, அஞ்சு."

ராத்தா சிரித்தார். பிறகு என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. அந்த வாரம் முடியுமுன் போய்விட்டார்.

ராத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது ரிஸானா சொன்னாள்: "நாடகத்துல அவ செத்தத பக்கத்து வீட்டு ஆக்கள் உம்மாக்கு அண்டைக்கே சொல்லிட்டாங்க, மாமா. 'அவனுக்குச் சொல்லிப் போடாத. பாவம், கஷ்டப்பட்டு அஞ்சு வருஷம் வாங்கித் தந்திரிக்கான்' எண்டா."

முழங்கை இறாலிலிருந்து டயர் வரைக்கும் நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். இனி யாரிடம் சொல்வேன்?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஐந்து வருடம்தான். நாடகத்தின் முடிவை யார் கேட்டாலும், அவள் மறியலில் இருக்கிறாள் என்றே சொல்கிறேன். வெளியே வந்ததும் முந்தலுக்கு வருவாள். ராத்தாவின் குளம் அங்கே இன்னும் சும்மாதான் கிடக்கிறது.