திருப்பருத்திக்குன்றத்து ரோஜா அழகியும் ஒரு 'பாடி' குழப்பமும்

நவம்பரில் இரண்டாவது முறையாகக் காஞ்சிபுரம் போனேன், ஒரு வண்ணத்துப்பூச்சியின் உடம்பைப் படமெடுக்க. முந்தைய வாரம் திருப்பருத்திக்குன்றத்தில் எடுத்த படத்தை 'ரோஜா அழகி' என்று எங்கள் வண்ணத்துப்பூச்சிக் குழுவின் ஊர்ப் பட்டியலில் ஏற்றியிருந்தேன். சரிபார்ப்பவர் நிறுத்திவைத்துவிட்டார். கறிவேப்பிலை அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே இறக்கைதான். அதற்கு உடம்பு கருப்பு, ரோஜாவுக்குச் சிவப்பு. என் படத்தில் உடம்பை இலை மறைத்திருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பட்டியல் மூடப்படும். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் படம் வேண்டுமே.

காலை 7.10க்குப் பேருந்து நிலையம். ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து நிமிடம் நின்று, பொறுமை போய், தனி ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டர், 120 ரூபாய்.

"பூச்சி புடிக்கவா சார் வந்துக்கினு இருக்கே?" என்றார் ஓட்டுநர், என் கையிலிருந்த வண்ணத்துப்பூச்சிப் படத்தைப் பார்த்து.

"புடிக்க இல்ல, ஃபோட்டோ எடுக்க."

"அது இன்னும் மோசம் சார்."

சமணக் கோயிலைத் தாண்டிய தெருவில் எட்டரை வரை ஒன்றும் சிக்கவில்லை (எலுமிச்சை அழகி மூன்று, அதெல்லாம் எங்கும் கிடைக்கும்). வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வி அக்காவிடம் பழைய படத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் வீட்டிலேயே தறியில் பட்டுப் புடவை நெய்பவர்.

"இதுவா? இப்பதான்பா கொடியில குந்திக்கினு இருந்துச்சு."

"பாடி என்ன கலர்க்கா?"

"கருப்பு. பார்டர்ல செவப்பு புள்ளி."

"நல்லா பாத்தீங்களா?"

"கலர் பாக்கறதுதான்பா என் வேலையே."

அங்கேயே நின்று செல்பேசியில் என் பதிவைத் திரும்பப் பெற்றேன். தவறான பதிவைப் பட்டியலில் விட்டுவைக்க முடியாது. பையை மூடும்போது அவர் சொன்னார்: "நடுவுல மட்டும் ரத்தச் செவப்பா இருந்துச்சு. அத நீ கேக்கவே இல்ல."

"அக்கா, அதுதான் பாடி."

"அது பூச்சிபா. பாடின்னா ரெண்டு பார்டருக்கும் நடுவுல இருக்கறது. பொடவை பாத்ததே இல்லியா நீ?"

எந்தப் பக்கம் போனது என்று கேட்டேன். கிணற்றுப் பக்கம் கை காட்டினார். அங்கே ஆடுதின்னாப்பாளைக் கொடி படர்ந்திருந்தது. ரோஜா அழகி முட்டையிடும் செடி. ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். 9.40க்கு வந்து, வயிற்றை வளைத்து இலையின் அடியில் முட்டை வைத்தது. பதினொரு படம் எடுத்ததில் ஒன்றுதான் தெளிவு. ஒன்று போதும். பதிவை மீண்டும் ஏற்றினேன். மதியத்துக்குள் ஏற்றுக்கொண்டார்கள்.

போகிறவர்களுக்கு: மழை விட்ட மறுநாள், எட்டிலிருந்து பத்துக்குள் போங்கள். அடுத்தவர் வேலிக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். கேள்வி கேட்கும்போது படத்தில் விரல் வைத்துக் கேளுங்கள், பதிலை முடிக்கவும் விடுங்கள். நான் விடவில்லை, அதனால்தான் சரியான பதிவை என் கையாலேயே அழித்தேன்.

பதிவில் 'முதலில் பார்த்தவர்' என்ற இடத்தில் அவர் பெயரைப் போடலாமா என்று செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"போட்டுக்கோ. ஆனா பாடி கருப்புன்னே எழுதணும்."

அப்படியே எழுதியிருக்கிறேன்.