பிராங்கிளின் வாசிக்காமல் விட்ட பக்கம்

நாற்பத்தொன்பது வயது வரைக்கும் பிராங்கிளின் ஒரு கதைப் புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு லாரி ஏறியவர். அதற்காக அவரை வாசிக்கத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ராயபுரத்தில் அவர் போகிற கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பைபிள் வாசகம் படிப்பது இருபது வருஷமாக அவர்தான். கணீரென்ற குரல். மைக் கெட்டுப்போன நாளிலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும். ஓர் எழுத்தை விழுங்க மாட்டார், ஒரு சொல்லைக் கூட்ட மாட்டார். எழுதியிருப்பதைப் படிக்கத்தான் நம்மை நிறுத்தியிருக்கிறார்கள், அதில் கைவைக்க நாம் யார் என்பது அவர் கட்சி.

மற்ற நாட்களில் அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். எண்ணூர் கடற்கரைச் சாலையில் துறைமுக வாசலை நோக்கி நிற்கும் வரிசையில், அவருடைய வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். சில சமயம் ஒரு பகல் முழுக்க நாலு வண்டி நீளம்கூட நகராது. டிரைவர்கள் என்ன செய்வார்கள்? கடலரிப்புக்குப் போட்ட பாறாங்கற்கள் பக்கம் ஒரு அட்டையை விரித்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். பிராங்கிளினும் திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிப்பாண்டியும் ஆறு வருஷமாக ஒரே ஜோடி. எதிர் ஜோடி வியாசர்பாடி ஷாரிக்கும் பொன்னேரி லட்சுமணனும்.

அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் ஹாரன் சத்தம் கேட்டு வரிசை நகர ஆரம்பித்தால், நாலு பேரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டு ஓட வேண்டும். வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். முதலில் திரும்பி வருகிறவர் அரைமணி நேரம்கூடத் தனியாக உட்கார்ந்திருப்பார். அடுத்தவன் சீட்டை எடுத்துப் பார்க்க மாட்டார். கூட்டாளியின் சீட்டையும் பார்க்கக் கூடாது. பார்த்ததாகப் பெயர் வந்துவிட்டால் அந்தச் சாலையில் அவரோடு உட்கார்ந்து ஆட ஆள் கிடைக்காது. நாட்டில் எத்தனையோ பெரிய மனிதர்களை நம்பி ஏமாந்திருக்கிறோம். அந்தக் கற்களுக்கு அடியில் இருக்கிற சீட்டை நான் நம்புவேன்.

புத்தகம் வந்தது அவர் மனைவி ஜானட் மூலமாக. ஜானட் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். அங்கே பில் போடும் ஜஸீமா என்ற பெண், சத்தம் காட்டாமல் ஒரு மாயாஜால நாவல் எழுதி அச்சிலும் கொண்டுவந்துவிட்டாள். பெயர் ‘இருபத்தெட்டாம் நாடு’. கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்ட சீட்டாட்டத்தை வைத்து எழுதினாளாம். ஜானட் ஒரு பிரதி வாங்கிவந்து கணவர் மடியில் போட்டார்.

“இந்தாய்யா, ஒனக்குன்னே எய்திகீறா. சீட்டுன்னா உனுக்கு சோறு தண்ணி வாணாமே, படி.”

அவர் படித்தார். படித்தவர் அசந்துபோனார். இருபத்தெட்டு ஆட்டத்தில் மன்னனுக்கும் ராணிக்கும் மதிப்பு பூஜ்யம். ஜாக்கிதான் பெரிய ஆள், ஏழுதான் கடைசி. அந்த நாட்டிலும் அப்படியே. மன்னர்கள் பட்டு உடுத்திச் சும்மா உட்கார்ந்திருக்க, நாலு குலத்து ஜாக்கிகள் ஆள்கிறார்கள். ஒவ்வொரு போருக்கும் முன்னால் ஒரு குலத்தின் பெயரை எழுதிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அதுதான் துருப்புக் குலம்; அதன் கடைசி ஆள்கூட மற்ற குலத்து ஜாக்கியை வெட்டலாம். யாராவது வழியில்லாமல் நின்று “திற” என்று கேட்கும்வரை எந்தக் குலம் என்று தெரியாது. கதாநாயகி கிளாவர் குலத்தில் தண்ணீர் சுமக்கிற சின்னப் பெண், பெயரே ஏழு. பெட்டி திறந்தால் கிளாவர்! தண்ணீர்க்குடத்தோடு நின்ற அந்தப் பெண் கை வைத்ததும், இஸ்பேட் ஜாக்கி குதிரையோடு மண்ணில் விழுகிறான்.

இதைத் தனியாக வைத்திருக்க பிராங்கிளினால் முடியவில்லை. மறுநாள் பாறை மேல் உட்கார்ந்து பூசையில் படிக்கிற அதே குரலில் முதல் அத்தியாயத்தை எடுத்தார். மூன்றாம் நாள் சீட்டுக்கட்டு பையை விட்டு வெளியே வரவே இல்லை. ஒன்பது பத்து டிரைவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கருத்துக்குப் பஞ்சமா?

“இன்னா நைனா இந்த ஜாக்கி, குத்துறதுக்கு முன்னாடி மூணு பக்கம் பேசிகினு கீறான்? பேஜாரா கீது,” என்றான் ஷாரிக்.

லட்சுமணனுக்கு முகப்பில் இருந்த வரைபடம் பிடிக்கவில்லை. கடல் மேற்கே இருந்தது. “கெயக்காலதானய்யா கடல் இருக்கணும்? இந்தப் பொண்ணு எண்ணூரையே பாத்ததில்லையா?” என்று ஒரு வாரம் புலம்பினார். ஆனாலும் ஒரு நாள்கூட எழுந்து போகவில்லை.

இசக்கிப்பாண்டி மட்டும் பேசாமல் கேட்பார். நாலு மணிக்கு ஊருக்குப் போன் போட்டு, அன்று கேட்டதை அப்படியே மகள் மலர்க்கொடிக்குச் சொல்வார். ஒன்பது வயசுப் பிள்ளை, வகுப்பிலேயே குள்ளம். ஏழு என்றால் அவளுக்கு உயிர்.

கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தபோது மலர்க்கொடிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இசக்கிப்பாண்டியின் வண்டியில் ஏற்றுமதிச் சரக்கு, துறைமுக அனுமதி அவர் பெயரில். உள்ளே போய் இறக்கிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப முடியும். வரிசையோ கல்லாக நிற்கிறது. மனுஷன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கும் பாறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பூசை வாசகத்தைப் போலவே, எதையும் ஒரு தரம் மனசுக்குள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பிராங்கிளின் வாய்விட்டுப் படிப்பார். அன்று காலை வண்டிக்குள் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஏழு செத்துப்போகிறாள். போர் முடிந்து, ஜெயித்த படை அவள் கிடப்பதைப் பார்க்காமலே தாண்டிப் போகிறது. அவள் குடம் மட்டும் கவிழ்ந்து கிடக்கிறது. பிராங்கிளின் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“இன்னிக்கி வாணாம் மாமு, தொண்ட கட்டிக்கிச்சி,” என்று சொல்லிப் பார்த்தார்.

“ஏல, இன்னிக்கு முடிச்சிரு. பிளேட்லட்டு எறங்கிட்டே இருக்காம். பிள்ள கண்ணத் தொறக்கயில ஏழு என்ன ஆனான்னுதான் கேக்காளாம். நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றார் இசக்கிப்பாண்டி.

படித்தார். கடைசிப் பக்கம் வந்தது. இருபது வருஷமாக ஓர் எழுத்தைக்கூட மாற்றாத மனிதர், கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டே மனசிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வானத்திலிருந்து ஒரு பெரிய கை வந்தது. விழுந்தவர்களை எல்லாம் வாரி எடுத்தது. ஜாக்கி, ராணி, ஏழு என்று வித்தியாசம் பார்க்காமல் கலைத்தது. மறுபடியும் ஆளுக்கு நாலாகப் போட்டது. ஏழு கண்ணைத் திறந்தாள். பழைய போர் வேறு யாருக்கும் நினைவில்லை, அவளுக்கு மட்டும் இருந்தது. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஷாரிக் விசில் அடித்தான். லட்சுமணன் வரைபடத்தை மன்னித்தார். முன்னால் ஹாரன் கேட்க, பிராங்கிளின் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவர்களோடு வண்டியை நகர்த்த ஓடினார். திரும்பி வந்தபோது, அவருக்கு முன்பே வந்துவிட்ட இசக்கிப்பாண்டி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் சரக்கை இறக்கிவிட்டு அவர் ஊருக்குப் போனார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அது மருந்தால் நடந்தது, கதையால் இல்லை. பிராங்கிளினுக்கும் அது தெரியும். ஆனாலும் அடுத்தடுத்த மூன்று ஞாயிறு அவர் வாசகம் படிக்கப் பீடத்துப் பக்கம் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று பங்குச் சாமியாரிடம் சொன்னார். யாரோ ராப்பகலாக உட்கார்ந்து எழுதியதை அழித்துவிட்டு, அதைப் புத்தகத்தில் இருப்பதுபோலக் கூட்டாளிகளிடம் படித்துக் காட்டியாயிற்று. சீட்டாட்டத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பிராங்கிளினை அந்தப் பெயரால் யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

நிலைமையை முற்றவைத்தது புத்தகத்தின் பின் அட்டை. ‘வாசகர் கருத்துகளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்’ என்று அதில் போட்டிருந்தது. ஷாரிக் அதைப் பார்த்துவிட்டான். எழுதுவதெல்லாம் ஆகாது, பேசி அனுப்புவோம் என்று முடிவாயிற்று. பிராங்கிளினின் போனை ஒவ்வொருவராக வாங்கி, ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஊரிலிருந்து திரும்பியிருந்த இசக்கிப்பாண்டி கடைசியாகப் போனார். பிராங்கிளின் ஒன்றையும் கேட்டுப் பார்க்கவில்லை. அடுத்தவன் கருத்தும் அவருக்கு அடுத்தவன் சீட்டு மாதிரிதான். அனுப்பாமல் அமுக்கிவிடலாம் என்று இருந்தார். ஜானட்டோ சந்தோஷம் தாங்காமல் சனிக்கிழமையே அவர் போனிலிருந்து ஒன்பது பேர் பேச்சையும் ஜஸீமாவுக்கு அனுப்பிவிட்டார்.

“நாளிக்கி கூட்டத்துல போட்டுக் காட்றாளாம். அதுவரிக்கும் அவளே கேக்க மாட்டாளாம். நீயும் வரணும்னு சொல்லிக்கிறா,” என்றார் ஜானட்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஜவுளிக்கடை மாடியில் வாசகர் கூட்டம். பிராங்கிளின் முன்னாலேயே போய் ஜஸீமாவைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட நினைத்தார். தெருவெல்லாம் துணி வாங்க வந்த ஜனம். போய்ச் சேர்ந்தபோது ஆரம்பித்துவிட்டார்கள். இருபது நாற்காலி. கண்ணாடி போட்ட ஓர் இளைஞர், தமிழில் இப்படியொரு கற்பனை உலகம் வந்ததில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். ரூத் என்ற ஆசிரியை, ஏழு செத்துக் கிடக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை வகுப்பில் படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன் என்றார். பிராங்கிளினுக்கு அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பிறகு ஜஸீமா போனை ஒலிபெருக்கியில் இணைத்தாள். ஷாரிக்கின் குரல் அதிர்ந்தது.

“அக்கா, கத செம. ஆனா அந்த லாஸ்ட்டுல பெரிய கை வந்து அல்லாரையும் வாரிகினு போய் கலைக்குது பாரு, அங்கதான்க்கா நான் காலி!”

வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த குரலும் அதையே சொன்னது. நாலாவது குரலில் லட்சுமணன், கடல் திசையை மறுபடியும் கண்டித்துவிட்டு, ஏழு குடத்தோடு நடந்து போவதைப் புகழ்ந்தார். “இவுங்க எந்தப் புக்கைப் படிச்சாங்க?” என்று யாரோ சிரித்தார்கள். ஜஸீமாவின் முகம் சுருங்கியது.

பிராங்கிளின் எழுந்து நின்றார்.

“அவுங்க மேல தப்பு இல்லம்மா. நான்தான் மாத்திப் படிச்சேன்.” காரணத்தைச் சொன்னார். பிள்ளை, காய்ச்சல், நகராத வரிசை எல்லாவற்றையும் சொன்னார். “உன் புக்குல கை வெச்சது பாவம். மன்னிச்சிரு.”

ஜஸீமா மெதுவாகக் கேட்டாள்.

“அது இருக்கட்டும்ணே. உங்க கருத்து என்ன? நான் எழுதுன முடிவு உங்களுக்குப் பிடிக்கலையா?”

“யார் சொன்னது?” பிராங்கிளினுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவ செத்தாத்தான் கத. நீ எய்தினதுதான் கரெக்டு. வாயத் தொறந்து படிக்க முடியாத அளவுக்கு எய்திக்கிற. நான் பயந்துட்டேன், அவ்ளோதான்.”

ஜஸீமா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ பாராட்டு வந்திருக்கும், அதற்கெல்லாம் அவள் அழுததாகத் தெரியவில்லை. அதற்குள் ஒலிபெருக்கி, கேட்பாரில்லாமலே, வரிசையாக எல்லாக் குரலையும் முடித்துக் கடைசிக் குரலுக்கு வந்துவிட்டிருந்தது. இசக்கிப்பாண்டி.

“யம்மா, நான் இசக்கிப்பாண்டி பேசுதேன். நீ எழுதுன கடைசிப் பக்கத்த நான் படிச்சிட்டேன், தாயி. அன்னிக்கு அவன் ஒரே பக்கத்தப் பாத்துக்கிட்டு பத்து நிமிசமா வாசிச்சான், தாளத் திருப்பவே இல்ல. அவன் வண்டிய நவுத்தப் போகயில புத்தகத்தக் கவுத்து வச்சிட்டுப் போனான். நான் எடுத்துப் பாத்துட்டேன். ஆறு வருசத்துல நான் செஞ்ச முத தப்பு அதுதான். படிச்சிட்டு அழுதேன். நல்லா எழுதியிருக்க. ஆனா எம்பிள்ளகிட்ட அவன் சொன்னதத்தான் சொன்னேன். நான் பாத்தது அவனுக்குத் தெரியாண்டாம். அவன்ட்ட சொல்லிராத, என்ன?”

பிராங்கிளின் உட்கார்ந்துவிட்டார். ஜானட் அவர் தோளில் கை வைத்தார். யாரும் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் அந்தக் கூட்டத்துக்கு இருந்தது.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது. இசக்கிப்பாண்டிதான், வரிசையிலிருந்து.

“என்னல, கூட்டம் முடிஞ்சிதா? எல்லார் பேசுனதயும் போட்டாவளா?”

“போட்டாங்க மாமு. ஷாரிக்குக்கு ஒரே கைத்தட்டு.”

“என்னுது?”

பிராங்கிளின் துணிமூட்டை வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

“உன்னுது மட்டும் போடல மாமு. டைம் இல்லன்ட்டாங்க.”

“நல்லதாப் போச்சு,” என்றார் இசக்கிப்பாண்டி.