அமானிதமாய் ஒரு பெட்டி

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால், எதிர்வீட்டு அம்மாள் இன்று கொடியில் என்ன காயப்போட்டிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு பக்கம். கண்டிக்கு வந்த புதிதில் ஒருநாள் அந்தக் கொடியிலிருந்து ஒரு போர்வை பறந்துபோய் முள்வேலியில் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமே என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இறங்கினேன், வளைந்தேன், ஏறினேன், ஓர் ஓடையைத் தாண்டினேன், மறுபடி இறங்கினேன். கடைசியில் போய் நின்றது ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில். அங்கே நின்றவரிடம் எதிர்வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். எதற்கு எதிரே என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு த்ரீவீல் ஆட்டோவைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் போர்வை அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் விருதுநகரில் கண்ணுக்குத் தெரிவது காலுக்கும் எட்டும். தரை அப்படித் தட்டை. தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா, நேரே நட, தொட்டிக்குப் போய்விடுவாய். வழி தவறவேண்டும் என்று ஆசைப்பட்டாலும் தவற முடியாது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து, ரோட்டைச் சுருட்டி மலைக்குள் வைத்திருக்கும் ஊரில் விட்டால் என்ன ஆகும்? ஒப்பந்தம் முடியப்போகிற நேரம் வரைக்கும் எனக்குத் தெரிந்த கண்டி என்பது வீடு, காய்கறிக்கடை, கோயில், ஏரிக்கரை, அவ்வளவுதான்.

ஒப்பந்தம் என்றேனே, அது என் கணவருடையது. பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். இன்னும் மூன்று வருடம் இருப்பீர்களா என்று அங்கே கேட்டிருந்தார்கள். மனிதர் அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டார். நீ சொல்வதுதான் முடிவு, திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும் என்றார். அவரிடம் சொல்லவில்லையே தவிர, நான் மனதுக்குள் மூட்டை கட்டி முடித்திருந்தேன். ஊர் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பனி ஜன்னல் வழியாக வந்து சாம்பார் கொதிப்பதை எட்டிப் பார்க்கிற ஊரை யாருக்குப் பிடிக்காது? ஆனால் இந்த ஊருக்கு என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நாளைக்கு நான் போய்விட்டால் ஒருவரும் கவனிக்கப்போவதில்லை. அதுதான் உள்ளே அரித்தது.

மாடி வீட்டு சுகந்தி அக்காவைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தவர், கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கணக்காய்வு பார்க்கிறவர். என்னை “நீர்” என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் “நீர் சாப்பிட்டீரோ?” என்று கேட்டபோது நாடக மேடையில் மந்திரி கேட்பது போலிருந்தது. நான் சிரித்தேன், காரணம் தெரியாமல் அவரும் சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அலுமாரியை ஒழுங்குபடுத்த உதவிக்குப் போனபோது, அடித்தட்டில் மஞ்சளும் கறுப்புமாக, சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று கிடந்தது. டிவி ரிமோட் என்று நினைத்தேன். நோர்வேயில் இருக்கும் அவருடைய தம்பி புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் இங்கே விட்டுப்போன ஜிபிஎஸ் கருவியாம். அங்கே தம்பி குடும்பம் விடுமுறை நாளில் இதைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போகுமாம். முன்பின் தெரியாத யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்களாம். ஜியோகேஷிங் என்று பெயர், உலகம் முழுக்க விளையாடுகிறார்களாம். வேலையில்லாதவர்களின் விளையாட்டு என்றார் அக்கா. வேலையில்லாத ஒருத்தி முன்னாலேயே நிற்கிறாள் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

நீங்கள் ஏன் ஒருமுறைகூடப் போகவில்லை என்று கேட்டேன். அக்கா கருவியை எடுத்துத் தூசி துடைத்தார்.

“முந்தி, சண்டை நேரம் எண்டா இதைக் கையில வச்சுக்கொண்டு ரோட்டில நிக்கேலுமே? அந்தப் பயம் இன்னும் விடேல்ல. அதான் தொடேல்ல.” பிறகு அவரே பேட்டரி மூடியைத் திறந்தார். “இப்ப என்ன, வாரும், பாப்பம்.”

அன்று தொடங்கியது பித்து. செயற்கைக்கோள் கிடைக்கவேண்டும் என்று மொட்டைமாடியில் ஏறி ஆளுக்கொரு தடவை கருவியை வானத்துக்குக் காட்டினோம். இணையதளத்தில் கண்டியைச் சுற்றிச் சில புள்ளிகள் இருந்தன. ஒன்றின் எண்களை நான் தட்டச்சினேன். அம்புக்குறி எங்களைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல் நிறுத்தி, நேரே மகாவலியின் நடுவைக் காட்டியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றை வெகுநேரம் ஆராய்ந்தார். வீட்டுக்கு வந்து எண்களைத் தணிக்கை செய்து, பாகையின் பின்னக்கணக்கை நான் தப்பாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இன்னொரு நாள் இருநூறு மீட்டர்தான் என்று கருவி சொன்னதை நம்பி நடந்தோம். அந்த இருநூறு மீட்டருக்கு நடுவே ஒரு முழுப் பள்ளத்தாக்கு இருந்தது. அதிலும் இந்தக் கருவிக்கு ஒரு குணம். நின்றால் அம்பு கிறுகிறுவென்று சுற்றும், நடந்தால்தான் திசை சொல்லும். ஆகவே நாங்கள் இருவரும் நடுரோட்டில் முன்னும் பின்னும் நடைபயின்றோம். பார்த்தவர்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்கலாம். ஒரு டப்பாவும் கிடைக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் இப்படிச் சிரித்ததில்லை.

திங்கட்கிழமைப் பதிலுக்கு முந்தின சனிக்கிழமை, அலவத்துகொடப் பக்கம் இருந்த பெட்டியைத் தேடிப் போனோம். ஊருக்குப் போகுமுன் ஒன்றையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கொஞ்சகாலம் படிப்பித்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வைத்த பெட்டி அது. சமீபத்தில் போனவர்கள் காணவில்லை என்று எழுதியிருந்தார்கள். கிட்டத்தில் வசிக்கும் யாராவது பொறுப்பெடுத்தால் கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன் என்று அவர் அந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டிருந்தார். அதை நான் சரியாகப் படிக்கவில்லை.

மாத்தளை பஸ்ஸில் போய் இறங்கி, கராம்பு மரங்களுக்கு நடுவே ஏறினோம். பலாமரத்தடியில் ஒரு கல், அதன் பின்னால் என்று துப்பு. இந்த விளையாட்டில் தேடுவது பிறர் கண்ணில் படக்கூடாது. நோர்வேக் காட்டில் அது நடக்கும். இங்கே இரண்டு பெண்கள் ஒரு கல்லுக்குப் பின்னால் குனிந்தால் சும்மா விடுவார்களா? விறகு சுமந்து வந்தவர் நின்றார், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண் நின்றாள், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். என்ன தேடுகிறீர்கள் என்றதும் என் வாயில் வந்தது, அக்காவின் தோடு. அவ்வளவுதான். விறகு கீழே இறங்கியது, பிள்ளை கைமாறியது, எல்லாரும் முழங்காலில் உட்கார்ந்து இலை இலையாகப் புரட்டினார்கள். அக்காவின் இரண்டு காதிலும் தோடு பளிச்சென்று இருந்தது. அவர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளைக்காரிதான் வழி சொன்னாள். இந்தப் பக்கம் தொலைந்த சாமான் எதுவானாலும் கீழே பாரூக் நானாவின் கடையில்தான் இருக்கும், போய்க் கேளுங்கள் என்றாள்.

பாரூக் நானா மளிகைக்கடைக்காரர்; நானா என்றால் இங்கே முஸ்லிம்களிடம் அண்ணன். வெள்ளைத் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி. தோடு எதுவும் வரவில்லை என்றார். பெட்டி ஒன்றுதான் இருக்கிறதாம். பிஸ்கட் டின்களுக்கு மேலேயிருந்து, சணலால் சுற்றிக் கட்டிய பச்சைப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். நான் அதன்மேல் பாயாத குறை. நானாவின் கை பெட்டியின் மேலேயே இருந்தது.

“இது ஒங்கடயா?”

ஆமாம் என்றேன். எங்கள் ஊரில் அதோடு முடிந்துவிடும்.

“அப்ப உள்ளுக்கு எனத்த ஈக்கி எண்டு சொல்லுங்க. தாரன்.”

என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? நானா கராம்பு பொறுக்கும்போது பெட்டி அகப்பட்டதாம். ஒரே ஒருமுறை, மனைவியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு திறந்து பார்த்துவிட்டுக் கட்டிவிட்டாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்தும் உரியவர் வரவில்லையாம். ஒளித்துவைத்த பெட்டியை ஊருக்கே ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள் என்று கேட்டதும் சுகந்தி அக்கா அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் விளையாட்டைப் பற்றி விளக்கினேன். யாரோ வைப்பார்கள், யாரோ எடுப்பார்கள், எடுத்தவர் திருப்பி வைப்பார் என்றேன். நானா பொறுமையாகக் கேட்டார். என் பேச்சை வைத்து இந்தியாவா என்று விசாரித்தார். பிளேன்டீ வரவழைத்தார். பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை.

“நீங்க சொல்றது சரியா ஈக்கலாம் தங்கச்சி. ஆனா இது அமானிதம். சொந்தக்காரர்ட கையிலதான் நான் குடுக்கணும்.”

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள் என்று அக்கா மெல்லச் சொன்னார். இவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை, கீழே கிடந்ததுதான். ஆனாலும் கையில் எடுத்த நேரத்திலிருந்து, படைத்தவன் முன்னால் அதற்கு அவர்தான் பொறுப்பு. எங்கள் பஸ் நிலையத்தில் கேட்பாரற்ற பை கிடந்தால் ஆளாளுக்குத் தள்ளி நிற்போம், கொஞ்சம் தைரியசாலி எடுத்துக்கொண்டு போய்விடுவான். முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தினமும் தூசி தட்டி வைத்திருக்கும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவரிடம் போய் என்னுடையது என்று பொய் சொன்னோமே என்று கூசியது. பொய்யை எடுத்துவிட ஒரே வழி, அதை உண்மையாக்குவது.

போனை எடுத்து, சரியாகப் படிக்காமல் விட்ட அந்தக் குறிப்பை முழுதாகப் படித்தேன். பெட்டி வைத்த பெண்ணுக்கு, உங்கள் பெட்டி பத்திரமாக இருக்கிறது, நான் கண்டியில் வசிக்கிறேன், எனக்குக் கொடுப்பீர்களா என்று எழுதினேன். பிளேன்டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. வரிக்கு வரி சந்தோஷம். பெட்டியை என் பெயருக்கு மாற்றிவிட்டார். உள்ளே இருப்பதையும் சொல்லியிருந்தார்: கையெழுத்துப் போடும் சின்னக் கொப்பி, நீலக் கோலிக்குண்டு, தன் நாய் வாலைக் கடித்துவிட்ட மரயானை. நான் வாய்விட்டுப் படித்தேன். நானா மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, சணலை அவிழ்த்து, யானையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வால் இல்லை. அவர் முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது. பெட்டியை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு, கையை எடுக்காமலே கேட்டார்.

“நீங்க இந்தியாவுக்குப் போனா இத யாரு பாக்கிற?”

“போகமாட்டேன்” என்றேன்.

சொன்னது என் வாய்தான். மனதைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. சுகந்தி அக்காவின் சிரிப்பு நின்றது. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானாவின் மனைவி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, நடந்தது என்னவென்று தெரியாமலே ஆளுக்கொரு துண்டு தொதல், நம் அல்வா மாதிரி ஓர் இனிப்பு, கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் கணவரிடம், திங்கட்கிழமை சரியென்று சொல்லிவிடுங்கள், எனக்கு இங்கே பொறுப்பு இருக்கிறது என்றேன். என்ன பொறுப்பு என்றார். சொன்னேன். மூன்று வருடத்தை ஒரு டப்பாவுக்காகவா என்று கேட்டுவிட்டு, மறுநாள் அதைப் பார்க்க அவரும் வந்தார்.

பெட்டி இப்போது பலாமரத்தடிக்கே திரும்பிவிட்டது. நானாதான் காவல். இது ரகசியம் என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். ஆட்கள் தேடி வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பருப்பு நிறுக்க ஆரம்பிப்பார், நிறுக்கக் கேட்டவர் யாரும் இருக்கமாட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: தன் சொந்தப் பெட்டியைக் கண்டுபிடித்ததாக யாரும் பதிய முடியாது, அது சட்டம். சுகந்தி அக்கா கொப்பியில் பெயரெழுதித் தன் கணக்கில் ஒன்று ஏற்றிக்கொண்டார், மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அதை நினைவுபடுத்துவார். என் கணக்கில் இன்னும் ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானாவின் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இரண்டு இளம்பெண்கள் போனைப் பார்த்தபடி இறங்கினார்கள். நானா உடனே பருப்புக்குப் போய்விட்டார். இந்தப் பாதை மேலே போகுமா என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம், மதுரைக்குத் தெற்கே. எந்த ஊரும்மா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் பலாமரம் வரை வந்துவிடும், பெட்டிக்காரி காட்டிக்கொடுக்கலாமா? அடக்கிக்கொண்டேன்.

“ஓம், போகும். மழை பெஞ்சிருக்கு, பாத்து ஏறுங்கோ.”

கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்த களிப்போடு குதித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். கடையைத் தாண்டிப் போகும்போது ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

“சிலோன் தமிழ் கேக்கவே எவ்ளோ நல்லா இருக்குல்ல?”

பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள். நானா தராசை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். எனக்காக அவர் வருத்தப்படுவது தெரிந்தது.

“ஒங்கட ஊர்ப் புள்ளைகள் தங்கச்சி. ரெண்டு வார்த்த கதச்சீக்கலாமே.”

பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நான் ஒரு கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மறுகையில் நானாவின் கோப்பை இருந்தது.