கொடி இல்லாமல் ஏறிய கறுப்பையா

எத்தனை சனிக்கிழமைகள் போனாலும் கறுப்பையாவுக்கு வெடிச் சத்தம் பழகவே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் தோள் குறுகும், கண் மூடும். இத்தனைக்கும் அவன் பிழைத்ததே வெடிகளுக்கு அடியில்தான்.

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில், இரு குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் அந்தத் துவக்குச் சுடும் திடல் இருந்தது. ஒரு முனையில் சுடுகிறவர்கள் பாயில் குப்புறப் படுத்துக் குறி பார்ப்பார்கள். மறுமுனையில் ஒரு மண்மேடு, அதற்கு முன்னால் ஆள் மறையும் ஆழத்தில் குழி. குழிக்குள் நின்று கயிற்றை இழுத்து இரண்டு பலகைகளை மேலே ஏற்றுவதும், வெடி விழுந்ததும் இறக்கி, ரவை துளைத்த இடத்தைக் கோல் முனையில் இருக்கும் வட்டத் தகட்டால் காட்டுவதும், பிறகு துளைமேல் கடதாசி ஒட்டுவதும் அவன் வேலை. ரவைகள் தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பின்மேட்டு மண் உதிர்ந்து பிடரியில் விழும். அப்போதெல்லாம் அவன் அங்கம்மாவை நினைப்பான். அவளுக்கு அது நிறைமாதம்.

ஹேவாஹெட்ட மலைத் தோட்டத்தில் கங்காணியோடு முறைத்துக்கொண்டு இறங்கி வந்தவர்கள் அவர்கள் இருவரும். இந்த வேலை போனால் திரும்ப மலை ஏறி அதே கங்காணியின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். ஆகவே அவனுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று ரவை, மற்றது வேலை. எது பெரியது என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

திடலுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. அவற்றை எல்லோருக்கும் ஓதுகிறவர் சார்ஜன் சாஹுல் ஹமீது. பொலிசில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசைக்கு மெழுகு பூசுகிறவர். குழியின் மேல் சிவப்புக் கொடி ஏறினால் துவக்கின் பூட்டைத் திறந்து பாயில் வைத்துவிட்டு எல்லோரும் வெள்ளைக் கயிற்றுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கொடி இறங்கியிருந்தால் திடல் சுடுகிறவனுக்குச் சொந்தம். யாராவது "நிப்பாட்டு" என்று கத்தினால், கத்தியவன் நேற்று வந்தவனாக இருந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும். முன்பின் தெரியாத இருவருக்குள் வழக்கு வந்தால் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, சார்ஜனிடம்தான் பேச வேண்டும். கொடி ஏற்றாமல் குழியை விட்டு ஏறுகிறவனுக்கு அன்றோடு வேலை முடிந்தது.

வருஷத்தில் ஒருநாள், லைசன்ஸ் வைத்திருக்கும் எவரும் அங்கே வந்து சுடலாம். அந்த நாளில்தான் ஹேவாஹெட்டத் தோட்டத்துத் துரை ஒருவரும் திகன மஹ்மூத் முதலாளியும் அடுத்தடுத்த பாய்களில் படுத்தார்கள். முதலாளிக்குத் திகனயில் புடவைக்கடை. வயலுக்கு வரும் பன்றியை விரட்டத் துவக்கு வைத்திருந்தார். துரையை அவர் அதற்குமுன் கண்டதில்லை. கறுப்பையாவும் கண்டதில்லை, அவன் இருந்த தோட்டம் வேறு. ஆனால் காலையில் துரையின் குரலைக் குழிக்குள் இருந்து கேட்டதும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. துரைமார் குரல்கள் எல்லாம் ஒன்றுதான்.

இரண்டு வெடிகள் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்டன. கறுப்பையா பலகைகளை இறக்கினான். முதலாளியின் பலகையில் இரண்டு துளைகள் இருந்தன. துரையின் பலகை வெறுமையாக இருந்தது. துரையின் ரவை பக்கத்துப் பலகைக்குப் போயிருக்கிறது. அப்படி நடப்பதுண்டு. அவன் பார்த்ததைப் பார்த்தபடி காட்டி, துரையின் பலகையை மறுபடி ஏற்றினான்.

அதன்பின் மேலே நடந்ததைப் பிறகு சார்ஜன் சொல்லித்தான் அவன் அறிந்தான். துரைக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஏவுகிற தமிழ். அதில்தான் அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"நீ ரெண்டு வெடி வெச்சே. என் ரவை உன் பலகைக்கு வராது."

முதலாளி சார்ஜனைப் பார்த்தார். "ஸார்ஜன், நான் ஒரு வெடிதான் வெச்சன். தொரைட ரவை என்ட பலகையில இரிக்கி. அவருக்குச் செல்லுங்க."

"துரை, அவரு சொல்றாரு..."

"எனக்குக் காது இருக்கு. பொய் சொல்றான்."

"பொய் செல்லி யாவாரம் செஞ்சா என்ட கடை எப்பவோ பூட்டியிரிக்கும்" என்றார் முதலாளி, இதையும் சார்ஜனைப் பார்த்தே. கயிற்றுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் துரையின் கழுத்து சிவந்தது. அவர் எழுந்து, இரு கைகளையும் வாயருகே குவித்து, மலைக்கு மலை கேட்கும்படி கூப்பிட்டார்.

"யார் அங்கே? அந்தப் பலகை கொண்டு வா. ஓடி வா."

கறுப்பையா ஓடினான். முதலாளியின் பலகையைத் தோளில் வைத்ததும் குழியின் படியில் ஏறியதும் அவனுக்கு நினைவில்லை. தோட்டத்து லயத்து அறையில் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். அந்தக் குரல் கேட்டால் முதலில் கால் போகும், அறிவு பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வரும்.

திடலின் நடுவில் ஒரு தாழ்வு உண்டு. மானாப்புல் அங்கே கழுத்தளவு வளர்ந்திருக்கும். அதற்குள் இறங்கியபோதுதான் அறிவு வந்து சேர்ந்தது. அவன் கைகளைப் பார்த்தான். கைகளில் பலகை இருந்தது. கொடி குழியின் மூலையில் கிடந்தது.

திரும்பினால் ரவைக்கு முதுகு. முன்னேறினால் நெஞ்சு. புல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டால் அவன் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மேலே ஒருவரும் அவனைக் காணவில்லை. ஏறியதையும் காணவில்லை, எல்லோர் கண்ணும் சண்டையில் இருந்தது. கொடியும் இல்லை, ஆளும் வரவில்லை. துரை பொறுமை இழந்தார்.

"வரமாட்டானா? சரி. நான் இன்னொரு வெடி வைக்கிறேன். என் பலகையில் போய் விழும். பார்."

அவர் பாயில் படுத்தார். பூட்டு மூடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் புல்லுக்குள் பதுங்கியிருந்தவனுக்கும் கேட்டது. பயத்தில் அவன் செய்யக்கூடாததைச் செய்தான். பார்ப்பதற்காக எழும்பினான். புல்லுக்கு மேலே அவன் தலை வந்தது. எதிரே துவக்கின் குழல், கரிக்கோடு போல அல்ல, ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கோடாகத் தெரிந்தால் வேறு பக்கம் பார்க்கிறது என்று பொருள். புள்ளியாகத் தெரிந்தால் தன்னைப் பார்க்கிறது.

அவன் பலகையோடு சரிந்தான்.

அந்த ஒரு கணத்தில் மஹ்மூத் முதலாளி மட்டும் கண்டார்.

"நிப்பாட்டு" என்று கத்தினார். "நிப்பாட்டுங்க, ஆள் இரிக்கி."

துரையின் கன்னம் துவக்குக் கட்டையை விட்டு எழவில்லை. "எனக்குக் கட்டளை போட நீ யார்? என் வெடியைக் கெடுக்கப் பார்க்கிறாய்."

சார்ஜன் ஓரடி முன்வைத்து நின்றுவிட்டார். பயந்தவன் கறுப்பையா ஒருவன் மட்டுமல்ல. துரையின் தோளைத் தொட அங்கே யாருக்கும் கை நீளவில்லை. முதலாளி ஒருமுறை மூச்சை இழுத்தார்.

"தொரை செல்றது சரி" என்றார். "ரெண்டு வெடியும் நான் வெச்சதுதான். நான்தான் பொய் சென்னன். வெல்லுங்க. இப்ப துவக்க வைங்க."

துரை தலையைத் தூக்கினார். வென்ற மனிதன் தோற்றவனின் முகத்தைப் பார்க்காமல் இருப்பானா? பார்த்தார். அந்த முகத்தின் கண்கள் தன்மீது இல்லாமல் திடல்மீது இருப்பதைக் கண்டு தானும் திரும்பினார். புல்லுக்குள் ஒரு பலகையின் விளிம்பு ஆடிக்கொண்டிருந்தது.

அவர் பூட்டைத் திறந்தார். ரவை பாயில் விழுந்து உருண்டது.

கறுப்பையாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். பல் அடித்துக்கொண்டது. முதலாளி தன் பிளாஸ்கில் இருந்த கோப்பியை அவன் வாயில் வைத்தார், பாதி நெஞ்சில் வழிந்தது. சார்ஜனுக்கு இப்போதுதான் குரல் திரும்பியிருந்தது.

"கொடி எங்கடா?"

"குழியில... குழியில இருக்குதுங்க ஐயா."

"சட்டம் தெரியுமில்ல? போ. இனி இந்தப் பக்கம் வராத."

கறுப்பையா வாயைத் திறந்தான். துரை கூப்பிட்டார் என்ற இரண்டு சொற்கள் அதில் இருந்தன. அவற்றைச் சொன்னால் குற்றம் துரையின் தலையில் விழும். சொல்லாவிட்டால் கங்காணி வாசல், அங்கம்மாவின் வயிறு. துரையின் சப்பாத்தைப் பார்த்தான். சொற்கள் வரவில்லை. சுடப்படாமல் தப்பியவனுக்கு இதைச் சொல்ல இன்னும் பயமாக இருந்தது.

மஹ்மூத் முதலாளி சார்ஜன் பக்கம் திரும்பினார். வழக்கப்படியே பேசினார், குரலை உயர்த்தாமல்.

"ஸார்ஜன், ஒரு கேள்வி. கேட்டுச் செல்லுங்க. கொடி ஏறாத நேரம் இவர ஓடி வரச் சென்னது யாரு?"

சார்ஜன் மீசையைத் தடவினார். கேட்கவும் பயம், கேட்காமல் விடவும் இத்தனை பேர் முன்னால் வெட்கம். கடைசியில் துரைக்கு அரைப் பார்வையாகத் திரும்பி, "துரை, கூப்பிட்டது யாரென்று இவர் கேக்கிறாருங்க" என்றார்.

துரை பாயில் கிடந்த ரவையைக் குனிந்து எடுத்தார்.

"நான் கூப்பிட்டது" என்றார். "அவன் இருக்கட்டும்."

துளைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாரும் கேட்கவுமில்லை. முதலாளி துவக்கைச் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு, இரண்டு வெடி வைத்தவர் என்ற பெயரோடு திகனவுக்குத் திரும்பினார்.

அன்று மாலை அங்கம்மா அவன் சட்டையைப் பார்த்துவிட்டு, "கோப்பியெல்லாம் நெஞ்சிலதான் குடிச்சிங்களா?" என்று கேட்டாள். அவன் ஒரு சணல் கயிறு தேடினான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அதன் ஒரு முனை கொடிக் கம்பிலும் மறுமுனை அவன் மணிக்கட்டிலும் இருந்தது. திடலில் எல்லோரும் கேலி செய்தார்கள். "மாட்டை ஏன்டா கட்டிவெச்சிருக்க?" என்றார் சார்ஜன்.

மறு வருஷம் அதே நாளில் முதலாளி வந்தார். வெள்ளைக் கயிற்றுக்குப் பின்னால், ரெண்டு வெடிக்காரர் வந்துட்டார் என்று கிசுகிசுத்தார்கள். அவர் படுப்பதற்கு முன் குழியைப் பார்த்து, "கறுப்பையா, கொடி இரிக்கா?" என்று கூப்பிட்டார். தேவையில்லாத நேரத்தில் கொடி ஒருமுறை ஏறி இறங்கியது.

துரையும் வந்திருந்தார். மத்தியானம் போல, எதற்கோ, அதே குரலில் கூப்பிட்டார். கறுப்பையாவின் கால் படியில் ஏறிவிட்டது. மணிக்கட்டில் கயிறு இறுகி, தோல் உரியும்படி அவனைப் பின்னால் இழுத்தது. அவன் படியிலேயே நின்று, முதலில் கொடியை ஏற்றினான்.