அலெக்சாண்டரின் மூக்கு

லொங்குய் என்ற கனேடியப் புறநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற இஞ்சினியர் ஜெயசங்கர் பேரரசர்களோடு மட்டும்தான் சகவாசம் வைத்துக்கொள்வார். அதாவது, அவரிடம் பழைய கிரேக்க வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய தலை; மறுபக்கம் கையில் கழுகோடு அரியணையில் கிரேக்கக் கடவுள் ஸ்யூஸ். அந்தத் தலை ஹெரக்ளிஸ் என்ற வீரனுடையது என்று புத்தகங்கள் சொல்லும். இவரோ, "அலெக்சாண்டரேதான், மூக்கைப் பாருங்க" என்பார். வீட்டுக்கு வந்தவர்கள் காப்பி ஆறும்வரை மூக்கைப் பார்த்தாக வேண்டும்.

மனைவி வசுமதியின் பூஜை அலமாரி என்றால் அவருக்கு மகா இளக்காரம். "படிச்சவ பண்ற வேலையா இது?" என்று கேட்டபடியே சுண்டலை மட்டும் கிண்ணம் நிறைய வாங்கிக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை டவுன்டவுனில் நாணயச் சங்கக் கூட்டம். காசைக் காட்டி இவர் பேசப் போகிறார். இத்தனை வருஷம் பின்வரிசையில் கொட்டாவி விட்டவருக்கு அதுதான் முடிசூட்டு விழா. அதே சங்கத்துப் பல் டாக்டர் அருமைராசா பார்த்து வயிறெரிய வேண்டும், வேறு ஆசையே இல்லை.

வியாழக்கிழமை மேசையில் காசைக் காணோம்.

"அதுவா? பூஜைக்கு எடுத்துட்டேன்" என்றாள் வசுமதி. "கிரேக்கர்களோட இந்திரன்னு நீங்கதானே சொன்னீங்க? சாமியை இப்படிக் கறுக்க விடலாமா? வெள்ளி விளக்கோட சேர்த்து விபூதி போட்டுத் தேய்ச்சேன்."

அடிப்பாவி! இரண்டாயிரம் வருஷத்துக் கறுப்பாயிற்றே! பதறியடித்து ஓடினார். காசு பளபளத்தது. அலெக்சாண்டரின் மூக்கு மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது. திருப்பினார், ஸ்யூஸ் தலை முதல் கால் வரை செம்பு.

"வெள்ளின்னா தேய்க்கத் தேய்க்க வெளுக்கணுமே?" என்றாள்.

வெறும் முலாம். ஜெயசங்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்?

"அண்ணை, அலெக்சாந்தரைக் கொண்டு வாறியள்தானே? நான் பூதக்கண்ணாடியோட வாறன்" என்றார் அருமைராசா.

ஜெயசங்கரின் பார்வை பூஜை அலமாரியில் போய் நின்றது.

"அது முடியாது டாக்டர். பூஜையில வச்சுட்டோம். வச்ச சாமியை வெளியே எடுக்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

இப்போது அவர் தினமும் விடிந்ததும் குளித்து, நெற்றி நிறையப் பட்டையோடு பூஜை அலமாரிக்கு முன்னால் நிற்கிறார். போன வெள்ளிக்கிழமை அருமைராசாவே தேடி வந்துவிட்டார். வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அலெக்சாண்டருக்கு அவசர அவசரமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார் ஜெயசங்கர்.

வசுமதி சுண்டல் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிசா வைங்க. மூக்கு தெரியுது."